‘பௌனே பாஞ்ச்’ என்றால் ஐந்து அல்ல!



இந்தூரிலிருந்தும் லாத்தூரிலிருந்தும் பருப்பு, உஞ்ஜாவிலிருந்து சீரகம் என்று வடநாட்டுச் சரக்கு தருவிக்கும் நம்மில் பலர், அங்குள்ள தரகர்களிடம் தொலைபேசியிலேயே பேரம் முடிக்கிறோம். ஹஜார் என்றால் ஆயிரம், லாக் என்றால் லட்சம், கரோட் என்றால் கோடி. இவ்வளவு தெரிந்தால் போதும் என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம். 2008-ல் அந்த நினைப்புக்கு 25,000 ரூபாய் கொடுத்தோம்.

வடநாட்டு வியாபாரி ஒருவர் எங்களிடம் 100 குவிண்டால் மஞ்சள் கேட்டார். குவிண்டாலுக்கு ‘பௌனே பாஞ்ச் ஹஜார்’ தருவதாகச் சொன்னார். எங்கள் காதில் நின்றது ‘பாஞ்ச் ஹஜார்’ மட்டுமே. ஐயாயிரம் என்று எழுதிக்கொண்டு லோடு ஏற்றிவிட்டோம். வந்த பணமோ 4,75,000. கேட்டபோதுதான் விளங்கியது, அவர் சொன்னதில் பிழையில்லை, பிழை எங்கள் காதில்தான் என்று.

காரணம் இதுதான். நாம் கீழ் எண்ணைச் சொல்லி மேலே கூட்டுகிறோம்: நாலே முக்கால். இந்திக்காரர்கள் மேல் எண்ணைச் சொல்லி அதில் கால் பங்கு குறைக்கிறார்கள். ‘பௌனே பாஞ்ச்’ என்றால் ஐந்துக்குக் கால் குறைவு.

கீழ்க்கண்டவற்றைக் கல்லாவுக்கு அருகில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம்:

சவா லாக் – 1,25,000
டேட் லாக் – 1,50,000
பௌனே தோ லாக் – 1,75,000
சவா தோ லாக் – 2,25,000
டாயி லாக் – 2,50,000
சாடே தீன் லாக் – 3,50,000

கால் என்பது பின்னால் வரும் சொல்லின் கால். ‘சௌ’ (நூறு) வந்தால் 25. ஹஜார் வந்தால் 250. லாக் வந்தால் 25,000. கரோட் வந்தால் 25 லட்சம். சொல் பெரிதாகப் பெரிதாக நம் நஷ்டமும் பெரிதாகும்.

ஒன்றரையை மராத்தியில் ‘தீட்’ என்றும், குஜராத்தியில் ‘தோட்’ என்றும் சொல்வார்கள். ‘தோட்’ என்பதை இந்தியின் ‘தோ’ (இரண்டு) என்று எண்ணி ஏமாறக் கூடாது. இரண்டரை மராத்தியில் ‘அடீச்’, குஜராத்தியில் ‘அடீ’.

கோடிக்கு மேலும் அவர்களிடம் தனிச்சொற்கள் உண்டு. 100 கோடி ஓர் ‘அரப்’. மராத்தியில் ‘அப்ஜ’, குஜராத்தியில் ‘அபஜ்’. 100 அரப் ஒரு ‘கரப்’. அதற்கும் மேலே நீல், பத்ம, சங்க் என்று நூறு நூறு மடங்காகப் போகும். நாம் லட்சம் கோடி என்பது அவர்கள் கணக்கில் 10 கரப். நம் கடைக்கு அது வராவிட்டாலும், இந்திச் செய்தியில் வரும்.

ஆகவே நண்பர்களே, பேரம் முடிந்ததும் விலையை இலக்கத்தில் எழுதிக் கைபேசியில் அனுப்பச் சொல்லுங்கள். அது வந்த பிறகே லோடு ஏற்றுங்கள். வாய்ச்சொல் மொழிக்கு மொழி மாறும். 4,750 என்று எழுதிய இலக்கம் எந்த ஊர் மண்டியிலும் 4,750-தான்.