9.26-க்கு வந்த மெயில்!

ஒரு சின்ன கேள்வி பாஸ். உங்க ஹாஸ்டல்ல நேத்து ராத்திரி திருடன் புகுந்துட்டான்னு வைங்க. அந்த நியூஸ் உங்களுக்கு எப்படி வரும்? பிரின்சிபல் சர்க்குலர் மூலமாவா? சான்ஸே இல்ல! மெஸ்ஸில தோசைக்கு க்யூவுல நிக்கும்போது முன்னாடி நிக்கிறவன் சொல்லுவான். அவனுக்கு வாட்ச்மேன் தாத்தா சொல்லியிருப்பார். உங்க காதுக்கு வந்து சேர்றதுக்குள்ள ஒரு செல்போன் திருட்டு, ஒன்பது லேப்டாப் கொள்ளையா வளர்ந்திருக்கும். எங்க ஹாஸ்டல்ல போன செமஸ்டர் நடந்தது இதுதான். ஒரு வாரம் கழிச்சு நோட்டீஸ் போர்டுல ஒரு பேப்பர் ஒட்டினாங்க. 'மாணவர்கள் தங்கள் உடைமைகளுக்குத் தாங்களே பொறுப்பு.' அவ்ளோதான்!

சிரிச்சுட்டுப் போயிடலாம். ஆனா, 'நேரத்துக்குச் சொல்லலை' என்பது எவ்வளவு பெரிய விஷயம்னு புரியணும்னா, அமெரிக்காவில் இருக்கிற வர்ஜீனியா டெக் கேம்பஸுக்கு நீங்க ஒரு நடை போய்ட்டு வரணும். நாள், 2007 ஏப்ரல் 16. திங்கட்கிழமை.

காலை 7.15. வெஸ்ட் ஆம்ப்ளர் ஜான்ஸ்டன் என்கிற ஹாஸ்டல் கட்டடத்தில் ரெண்டு மாணவர்கள் சுடப்பட்டாங்க. போலீஸ் வந்துச்சு. 'இது காதல் தகராறு. சுட்டவன் கேம்பஸை விட்டே போயிருப்பான்' என்று நினைச்சு, சம்பந்தமே இல்லாத ஒரு பையனைத் தேடிப் போனாங்க. 8.25-க்கு நிர்வாகம் கூடி உட்கார்ந்து பேசியது. என்ன சொல்றது, எப்படிச் சொல்றது... இந்தப் பக்கம் பசங்க வழக்கம்போல பையை மாட்டிக்கிட்டு 9.05 கிளாஸுக்கு நடந்து போய்க்கிட்டு இருந்தாங்க.

9.26-க்குத்தான் முதல் மெயில். ஹாஸ்டலில் ஒரு துப்பாக்கிச் சூடு, போலீஸ் விசாரிக்குது, ஜாக்கிரதையா இருங்க... இவ்வளவுதான் விஷயம். உயிர் போயிருக்கு என்ற தகவல் அதில் இல்லை. சுட்டவன் இன்னும் சிக்கலை என்பதும் இல்லை.

9.40 வாக்கில் அதே ஆள் நாரிஸ் ஹால் என்ற இன்ஜினீயரிங் கட்டடத்துக்குள் போனான். வாசல் கதவுகளை உள்பக்கமா சங்கிலி போட்டுப் பூட்டினான். பத்துப் பன்னிரண்டு நிமிஷம்தான். 30 பேர் போயிட்டாங்க. 'துப்பாக்கியோட ஒருத்தன் திரியறான், யாரும் வெளியே வராதீங்க' என்ற மெயில் வந்தது 9.50-க்கு!

இதுல நமக்கும் ஒரு உறவு இருக்கு. நாரிஸ் ஹால் 206-வது அறையில் அன்னிக்கு 'அட்வான்ஸ்டு ஹைட்ராலஜி' வகுப்பு எடுத்துக்கிட்டு இருந்தவர் பேராசிரியர் ஜி.வி.லோகநாதன். கோபிசெட்டிபாளையத்துக்காரர். கோவை பி.எஸ்.ஜி. டெக்ல படிச்சு, கான்பூர் ஐ.ஐ.டி., பர்டியூ பல்கலைக்கழகம்னு போய், வர்ஜீனியா டெக்ல பல வருஷமா தண்ணீரைப் பத்திப் பாடம் நடத்தினவர். அந்த அறையிலேயே அவரும் அவரோட மாணவர்கள் ஒன்பது பேரும் இறந்தாங்க. அதில் ஒரு மாணவி மும்பையில இருந்து படிக்கப் போனவங்க. கிளாஸ் ஆரம்பிச்ச நேரம் 9.05. முதல் மெயில் 9.26. இந்த ரெண்டு நம்பரையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாருங்க ஃப்ரெண்ட்ஸ்.

ஏன் லேட்? பீதி கிளம்பிடுமோங்கிற பயம். அதுக்கும் ஒரு முன்கதை இருக்கு. 2006 ஆகஸ்ட்டில் தப்பிச்ச கைதி ஒருத்தன் கேம்பஸ் பக்கம் சுத்தறான்னு தெரிஞ்சு காலேஜையே மூடினாங்க. அப்போ ஏற்பட்ட களேபரத்தைத் திரும்பவும் பார்க்க யாருக்கும் இஷ்டமில்லை. சரி, அதையாவது ஏத்துக்கலாம். கொதிக்க வைக்கிறது வேற விஷயம். மாணவர்களுக்கு மெயில் போறதுக்கு முன்னாடியே சில அலுவலகங்களைப் பூட்டிட்டாங்க. உள்ளே இருந்த ஒரு சிலர் தங்களோட குடும்பத்துக்கு மட்டும் சொல்லிட்டாங்க. பின்னாடி நடந்த விசாரணைகளில்தான் இதெல்லாம் வெளியே வந்தது.

இவ்வளவுக்கும், உடனே சொல்லணும்னு அங்கே சட்டமே இருந்தது! அந்தச் சட்டத்துக்குப் பின்னாடி ஒரு பொண்ணு இருக்கா. ஜீன் கிளெரி. வயசு 19. பென்சில்வேனியாவில் லீஹை பல்கலைக்கழக மாணவி. 1986 ஏப்ரல் 5 அன்னிக்கு ஹாஸ்டல் அறையிலேயே, அதே காலேஜ் மாணவன் ஒருத்தனால் பலாத்காரம் செய்யப்பட்டுக் கொலையானாள். தானாகப் பூட்டிக்கொள்ளும் மூணு கதவுகளைத் தாண்டி அவன் உள்ளே வந்திருந்தான். எப்படி? போகவர வசதியா இருக்கட்டும்னு நம்மள மாதிரிப் பசங்க பீட்சா பெட்டியைக் கதவிடுக்கில் சொருகி வெச்சிருந்தாங்க. (நீங்களும் செஞ்சிருக்கீங்கதானே? நாங்க செங்கல் வைப்போம்.)

பெற்றோர் ஹோவர்டும் கோனியும் தோண்ட ஆரம்பிச்சாங்க. அதுக்கு முந்தைய மூணு வருஷத்தில் மட்டும் அந்த கேம்பஸில் 38 வன்முறைக் குற்றங்கள் நடந்திருக்கு. யாருமே அவங்ககிட்ட சொல்லலை. வழக்கு போட்டாங்க, சமரசமாக வந்த பணத்தில் ஒரு அமைப்பைத் தொடங்கினாங்க, கதவு கதவாத் தட்டினாங்க. 1990-ல் சட்டம் வந்தது. 1998-ல் அதுக்கு கிளெரி சட்டம்னு மகள் பேரையே வெச்சாங்க.

அது என்ன சொல்லுது? அரசின் கல்வி உதவிப் பணம் வாங்குற ஒவ்வொரு காலேஜும் தன் கேம்பஸ்ல நடந்த குற்றங்களின் கணக்கை வருஷா வருஷம் வெளியிடணும். கேம்பஸ் போலீஸ் தினசரிப் பதிவேடு வெச்சுக்கணும். அதை யார் வேணும்னாலும் போய்ப் புரட்டலாம். நடந்த குற்றத்தால மத்தவங்களுக்கும் ஆபத்து தொடரும்னா, தாமதிக்காம எச்சரிக்கணும். பாதிக்கப்பட்டவர் பேர் அதில் வரவே கூடாது. வர்ஜீனியா டெக்குக்கு அப்புறம், 2008-ல் இன்னொண்ணும் சேர்ந்தது. ஆபத்து இப்பவே நடந்துக்கிட்டு இருக்கா? அப்போ உடனடி அலர்ட். துப்பாக்கிக்கு மட்டுமில்ல... கேஸ் கசிவு, சூறாவளி எதுவா இருந்தாலும்.

வர்ஜீனியா டெக்குக்கு 2011-ல் 55,000 டாலர் அபராதம் போட்டாங்க. மேல்முறையீடு, இழுபறின்னு ஓடி 2014-ல் 32,500 டாலர் கட்டினாங்க. 32 உயிருக்கு அவ்வளவுதானான்னு கோபம் வருதா? சட்டத்தில் இருந்த உச்சவரம்பே அப்போ ஒரு மீறலுக்கு 27,500 டாலர்தான். இப்போ நிலைமை வேற. 2024-ல் லிபர்டி பல்கலைக்கழகத்துக்கு இதே சட்டத்தில் விழுந்தது 1 கோடியே 40 லட்சம் டாலர்!

விதியைப் பாருங்க. 2011 டிசம்பர் 8. அபராதத்தை எதிர்த்து வாஷிங்டனில் விசாரணை நடந்துக்கிட்டு இருந்த அதே நாள், வர்ஜீனியா டெக் வாகன நிறுத்தத்தில் ஒரு போலீஸ்காரர் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்த முறை அரை மணி நேரத்துக்குள் கேம்பஸ் முழுக்க அலர்ட் போயிடுச்சு.

'மெசேஜ்தானே, தட்டிவிட்டா முடிஞ்சது'ன்னு நானும் நினைச்சேன். இல்ல மச்சி! வேகமாச் சொன்னா தப்பாகும், சரிபார்த்துச் சொன்னா லேட்டாகும். 2016 நவம்பர் 28 அன்னிக்கு ஓஹியோ ஸ்டேட் பல்கலைக்கழகம் 'துப்பாக்கியால் சுடறாங்க. ஓடு, ஒளி, போராடு' என்று அலர்ட் விட்டது. வந்தவன் உண்மையில் காரை ஏத்திக் கத்தியால் குத்தினான். தகவல் பாதி தப்பு. ஆனா, கதவைப் பூட்டிக்கிட்டவங்க பிழைச்சாங்கன்னா, அந்தத் தப்பை நான் மன்னிச்சுடுவேன். 2025 ஆகஸ்ட் 21 அன்னிக்கு வில்லனோவா பல்கலைக்கழகத்தில் புது மாணவர்களை வரவேற்கிற நிகழ்ச்சியின்போது அலர்ட் வந்து எல்லாரும் நாற்காலிகளைத் தள்ளிட்டு ஓடினாங்க. கடைசியில் அது எவனோ செஞ்ச போலி போன்கால். இப்படி நாலு தடவை ஏமாந்தா, அஞ்சாவது மெசேஜை எவன் திறந்து பார்ப்பான்? இன்னொரு சிக்கல், அடையாளம் சொல்றது. 'கறுப்பின இளைஞர், தொப்பி போட்டவர்'னு அனுப்பினா, கேம்பஸ்ல இருக்கிற பாதிப் பேர் சந்தேகத்துக்கு ஆளாவாங்க. மினசோட்டா பல்கலைக்கழகம் 2015-ல் இதுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஆளைக் கண்டுபிடிக்கிற அளவுக்கு விவரம் இருந்தாத்தான் இனத்தைச் சொல்வாங்க.

நம்ம ஊருக்கு வருவோம். 2015-ல் யு.ஜி.சி. மாணவர் பாதுகாப்புக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஏறிக் குதிக்க முடியாத உயரத்தில் காம்பவுண்ட் சுவர், மேலே முள்கம்பி, கேமரா, பயோமெட்ரிக் வருகைப்பதிவு... சுவர் எவ்வளவு உயரம்னு யோசிச்ச அளவுக்கு, உள்ளே இருக்கிறவனுக்கு எத்தனை நிமிஷத்தில் தகவல் போகணும்னு யோசிச்சிருக்கலாம்.

2024 டிசம்பர் 23 இரவு, சென்னை அண்ணா பல்கலைக்கழக கேம்பஸுக்குள் ஒரு மாணவி வன்கொடுமைக்கு ஆளானார். பசங்களுக்கு என்ன வந்து சேர்ந்ததுன்னு ஞாபகம் இருக்கா? அந்த மாணவியின் விவரங்கள் அடங்கிய எஃப்.ஐ.ஆர்.! எது வரவே கூடாதோ அதுதான் முதலில் கைக்குக் கை போச்சு. சென்னை உயர் நீதிமன்றம் கண்டிச்சு, அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச் சொன்னது. குற்றவாளிக்கு 2025 ஜூனில் ஆயுள் தண்டனை. 30 வருஷத்துக்கு எந்தச் சலுகையும் கிடையாது.

இதை எழுதும்போது எங்க ஹாஸ்டல் வார்டன்கிட்ட போய்க் கேட்டேன். "சார், இந்த வருஷம் நம்ம கேம்பஸ்ல எத்தனை திருட்டு, எத்தனை புகார்னு ஏதாவது நோட்டு இருக்கா?" கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே சொன்னார்... "அதெல்லாம் எதுக்குப்பா? வெளியே தெரிஞ்சா அட்மிஷன் என்னாகும்?"

எத்தனை திருட்டுன்னு எனக்கு இன்னும் தெரியாது. மெஸ் க்யூவுல கேட்டா, பதினேழுங்கிறாங்க.