பெயர் தெரியாமலே பரவிய பூஞ்சை: மருத்துவமனைத் தொற்றுக்குக் கணக்கு இல்லை

புதுதில்லி: தில்லியில் இரு மருத்துவமனைகளில் 2009 முதல் 2011 வரையிலான காலத்தில் 12 நோயாளிகளின் ரத்தத்தில் ஒரு பூஞ்சை கலந்தது. பூஞ்சைத் தொற்றுக்கு மருத்துவர்கள் முதலில் எடுக்கும் மருந்தான ஃப்ளுகோனசோல் அதனிடம் பலிக்கவில்லை. நுண்ணுயிரியல் ஆய்வகங்களில் வழக்கமாகப் பயன்படும் தானியங்கிக் கருவிகளோ, இந்தப் பூஞ்சைக்கு வேறு பெயர் சொல்லும் தன்மை உடையவை. மரபணுச் சோதனையில்தான் அதன் உண்மைப் பெயர் தெரிய வந்தது: கேண்டிடா ஆரிஸ்.

தில்லிப் பல்கலைக்கழகத்தின் வல்லபபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தைச் சேர்ந்த டாக்டர் அனுராதா சௌத்ரி உள்ளிட்ட ஆய்வாளர்கள் இதை உலகுக்குத் தெரிவித்தது 2013-ஆம் ஆண்டில். நோயாளிகளிடம் இருந்த பூஞ்சைகள் அனைத்தும் ஒரே மரபு வழியைச் சேர்ந்தவை என்று அவர்கள் கண்டனர். ஆளுக்கு ஆள் தனித்தனியே வந்த நோய் அன்று, சிகிச்சை பெறும் இடத்தில் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றியது என்பதற்கு இது வலுவான அறிகுறி. தொற்று ஏற்பட்டதற்கும் அது அச்சேறியதற்கும் இடையே இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் கடந்துவிட்டன. அந்த இடைவெளியில் தலைநகரின் பிற மருத்துவமனைகளை எச்சரிக்க வேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் இருக்கவில்லை. இன்றும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை.

கட்டிலிலும் வாழும் கிருமி:

ஜப்பானில் 70 வயதுப் பெண் ஒருவரின் காதில் இருந்து பிரித்தெடுக்கப்பட்டு, 2009-இல் முதன்முதலாக இப்பூஞ்சை விவரிக்கப்பட்டது. "ஆரிஸ்' என்றால் லத்தீனில் காது. இதே இனத்தைச் சேர்ந்த மற்ற பூஞ்சைகள் பெரும்பாலும் மனிதனின் குடலிலும் வாயிலும் அமைதியாக வாழ்பவை. உடல் தளர்ந்தால் மட்டுமே தொல்லை தருபவை. கேண்டிடா ஆரிஸ் அப்படிப்பட்டதன்று. அது தோலில் ஒட்டிக் கொள்கிறது. கட்டிலின் கம்பி, ரத்த அழுத்தக் கருவி, செயற்கை சுவாசக் கருவியின் பொத்தான்கள் என எதன் மீதும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கிறது. தரை துடைக்கப் பயன்படும் சில வகைக் கிருமிநாசினிகள் அதை அழிப்பதில்லை. குளோரின் கலந்த கரைசல் வேண்டும். பல பெரிய மருத்துவமனைகளில் தரை துடைப்பவர் ஒப்பந்தத் தொழிலாளி. எந்தக் கரைசலை எவ்வளவு நேரம் ஊறவிட வேண்டும் என்று அவருக்கு யார் சொல்லித் தந்தார்கள் என்ற கேள்வியை எந்த அறிக்கையும் எழுப்புவதில்லை.

ரத்தத்தில் பரவிய பூஞ்சைக்கு எதிராக மருத்துவர்கள் கையில் இருப்பவை முக்கியமாக மூன்று மருந்துக் குடும்பங்களே. இந்தியாவில் 2009 முதல் 2017 வரை சேகரிக்கப்பட்ட 350 கேண்டிடா ஆரிஸ் மாதிரிகளைச் சோதித்தபோது, அவற்றில் 90 சதவீதம் ஃப்ளுகோனசோலுக்குக் கட்டுப்படவில்லை. ஆம்போடெரிசின்-பி மருந்துக்கு 8 சதவீதமும், எக்கினோகேண்டின் வகைக்கு 2 சதவீதமும் கட்டுப்படவில்லை. ஆக, பெரும்பாலும் கைகொடுப்பது இந்தக் கடைசி வகைதான்.

கேண்டிடா ஆரிஸ் தில்லியோடு நிற்கவில்லை. 2011 ஏப்ரலில் தொடங்கி சுமார் ஒன்றரை ஆண்டு காலம், நாடெங்கும் உள்ள 27 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் சண்டீகர் முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் டாக்டர் அருணலோக் சக்ரபர்த்தி குழுவினர் தகவல் திரட்டினர். ரத்தத்தில் கேண்டிடா தொற்று ஏற்பட்ட 1,400 பேரில் 74 பேருக்கு இருந்தது கேண்டிடா ஆரிஸ். அவர்கள் 19 பிரிவுகளில் பரவிக் கிடந்தனர். பொதுத்துறை மருத்துவமனைகளிலும் வட இந்தியப் பிரிவுகளிலும் ஆபத்து அதிகம் என்று ஆய்வு கூறியது. இந்த விவரங்கள் வெளியானது 2017-இல். இதை வைத்துக்கொண்டு தனியார் மருத்துவமனைகள் அனைத்தும் தூய்மையானவை என்று முடிவு கட்டுவதும் சரியாகாது. ஆய்வில் இடம்பெறாத ஆயிரக்கணக்கான பிரிவுகளின் கணக்கு எவரிடமும் இல்லை.

அதே 2017-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் மருத்துவமனைகளுக்கு ஓர் அறிவுரைக் குறிப்பை வெளியிட்டது. அறிவுரைதான், ஆணை அல்ல.

தேடினால் கிடைக்கும்:

முறையாகத் தேடினால் என்ன கிடைக்கும் என்பதற்கு பிரிட்டனில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு நகரில் உள்ள ஒரு மருத்துவமனையில் 2015 முதல் 2017 வரை 70 பேரிடம் இப்பூஞ்சை காணப்பட்டது. அவர்களில் 66 பேர் நரம்பியல் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்கள். யார் எந்தக் கட்டிலில் படுத்தார், எந்தக் கருவி யாருக்குப் பொருத்தப்பட்டது என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்தபோது, அக்குளில் வைத்து உடல் வெப்பத்தை அளக்கும் ஒரு சிறு கருவியே காரணம் எனத் தெரிந்தது. ஒருவருக்குப் பயன்படுத்தியதை அடுத்தவருக்கும் பயன்படுத்தி வந்தனர். அக்கருவிகளை அகற்றிய பிறகே பரவல் அடங்கியது. இதற்குத் தேவைப்பட்டது புதிய மருந்து அன்று. பதிவேடும் பொறுமையும், பூஞ்சையைச் சரியாக இனம் காணும் ஆய்வகமும்தான்.

அந்த ஆய்வகம்தான் இங்கு அரிது. கிருமியின் புரதங்களை அளந்து, கைரேகையைப் போல இனம் காணும் கருவி பெரிய மருத்துவக் கல்லூரிகளிலும் பெரிய தனியார் மருத்துவமனைகளிலும் உள்ளது. மாவட்ட மருத்துவமனையில் காய்ச்சல் தணியாமல் இறந்துபோகும் நோயாளிக்கு எந்தப் பூஞ்சை இருந்தது என்பது பெரும்பாலும் தெரியாமலே போகிறது. இறப்புக் குறிப்பில் "ரத்தத்தில் நச்சு' என்றோ "பல உறுப்புகள் செயலிழப்பு' என்றோ எழுதப்படும்.

கருப்புப் பூஞ்சைக்கு மட்டும் எப்படி முடிந்தது?

இந்திய அரசால் கணக்கெடுக்க இயலாது என்று சொல்வதற்கில்லை. 2021 மே மாதத்தில் கொரோனா இரண்டாம் அலையின்போது கருப்புப் பூஞ்சை நோய் பரவியது. அதை 1897-ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டத்தின் கீழ் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்குமாறு மாநிலங்களை மத்திய அரசு கேட்டுக் கொண்டது. தமிழகம் உள்ளிட்ட மாநிலங்கள் சில நாள்களிலேயே அவ்வாறு செய்தன. ஜூலையில் 45,374 பேருக்கு நோய், 4,300-க்கும் மேற்பட்டோர் பலி என்று நாடாளுமன்றத்தில் சுகாதார அமைச்சர் மன்சுக் மாண்டவியாவால் கூற முடிந்தது.

இந்த வேகத்துக்கு ஒரு காரணம் உண்டு. தட்டுப்பாடாகிவிட்ட ஆம்போடெரிசின்-பி மருந்தை, சிகிச்சையில் உள்ள நோயாளிகளின் எண்ணிக்கையைப் பார்த்தே மாநிலங்களுக்கு மத்திய அரசு பங்கிட்டது. கணக்குக் காட்டாத மாநிலத்துக்கு மருந்து குறையும். எனவே எல்லாரும் எண்ணினார்கள்.

அதே கொரோனா காலத்தில், ஓராண்டு முன்னதாக, தில்லியில் ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவில் 2020 ஏப்ரல் முதல் ஜூலை வரை கொரோனா நோயாளிகள் 15 பேருக்கு ரத்தத்தில் கேண்டிடா தொற்று ஏற்பட்டது. அவர்களில் 10 பேருக்குக் கேண்டிடா ஆரிஸ். அந்தப் பத்துப் பேரில் ஆறு பேர் உயிரிழந்தனர். இதுவும் ஆய்வுக் கட்டுரை வழியாகவே வெளியுலகுக்குத் தெரிந்தது. முகத்தைச் சிதைத்த கருப்புப் பூஞ்சை தொலைக்காட்சியில் தெரிந்தது. ரத்தத்துக்குள் இருந்தது தெரியவில்லை.

அமெரிக்காவில் 2018 முதல் கேண்டிடா ஆரிஸ் தேசிய அளவில் அறிவிக்கப்பட வேண்டிய நோய். 2022 அக்டோபரில் உலக சுகாதார அமைப்பு வெளியிட்ட 19 ஆபத்தான பூஞ்சைகளின் பட்டியலில், மிக முக்கியமான முதல் பிரிவில் உள்ள நான்கில் இதுவும் ஒன்று. இந்தியாவில் நாடு தழுவிய அத்தகைய கட்டாயம் இதற்கு இல்லை.

அதிகாரமும் தயக்கமும்:

அரசியல் சாசனப்படி பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் உள்ளன. ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றுநோய் பரவாமல் தடுப்பது பொதுப் பட்டியலில் உள்ளது. தீவிர சிகிச்சை நோயாளிகள் மாநில எல்லை கடந்து தில்லிக்கும் சண்டீகருக்கும் தூக்கிச் செல்லப்படும் நாட்டில், இவ்விரண்டையும் பிரிக்கும் கோடு மெல்லியது. மருந்து எதிர்ப்புத் திறனுக்கான தேசியச் செயல்திட்டம் 2017-இல் வந்தது. இரண்டாவது திட்டம் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டது. மாநில அளவில் முதலில் தனித் திட்டம் வகுத்தது கேரளம், 2018-இல். மத்திய அரசின் கண்காணிப்பு வலைப்பின்னல்களில் இருப்பவை பெரும்பாலும் பெரிய போதனா மருத்துவமனைகள். நோயாளிகளில் பெரும்பகுதியினர் செல்லும் தனியார் துறை பெரும்பாலும் அவற்றுக்கு வெளியே நிற்கிறது.

அறிவித்தால் பெயர் கெடும் என்ற அச்சமும் உண்டு. 2010-இல், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களிடம் காணப்பட்ட ஒரு நொதிக்குப் புதுதில்லியின் பெயர் சூட்டப்பட்டிருந்ததை எதிர்த்து நாடாளுமன்றத்தில் குரல் எழுந்தது. வெளிநாட்டு நோயாளிகளின் வருகை பாதிக்கப்படும் என்று அஞ்சப்பட்டது. சர்ச்சைக்குள்ளான அந்த ஆய்வில் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் முதன்மைப் பங்கு வகித்ததும், ஈராண்டு கழித்து மருத்துவச் சங்கங்கள் கூடி "சென்னைப் பிரகடனம்' வெளியிட்டதும் குறிப்பிடத்தக்கது. பெயரைப் பற்றிய கோபத்தில் பத்தில் ஒரு பங்கு மருத்துவமனைகளின் நடைமுறை மீது காட்டப்பட்டிருந்தால், இன்று கணக்கேனும் இருந்திருக்கும்.

மருத்துவமனைகளுக்குள்ளேயே இந்த நிலை. வெளியே தேடிய ஆய்வாளர்கள் 2021-இல் அந்தமான் தீவுகளின் உப்புச் சதுப்பிலும் கடற்கரை மணலிலும் கேண்டிடா ஆரிஸைக் கண்டனர். 2022-இல் வெளியான மற்றோர் ஆய்வில், வட இந்தியாவில் சேமித்து வைத்து விற்கப்பட்ட ஆப்பிள்களின் தோலில் அது இருந்தது. தோட்டத்தில் புதிதாகப் பறித்தவற்றில் இல்லை. பழங்கள் கெடாமலிருக்கத் தெளிக்கப்படும் பூஞ்சைக்கொல்லிகளில் பல, நோயாளிக்குத் தரப்படும் ஃப்ளுகோனசோலின் குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றுக்கு அனுமதி வழங்குவது வேளாண் அமைச்சகத்தின் கீழ் இயங்கும் பதிவுக் குழு. சுகாதார அமைச்சகம் அன்று.