பூட்டன் ஊரைத் தேடி...

புது தில்லி: பிகாரின் பெலூபூர் கிராமத்திலிருந்து 1889-ல் ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறியவர் ராம் லக்கன் மிஸ்ரா. அவரது கொள்ளுப்பேத்தி கமலா பிரசாத் பிசேசர், டிரினிடாட் பிரதமராக 2012 ஜனவரியில் அம்மண்ணை மிதித்தார்.

சாமானியர்க்கு இது எளிதல்ல. கல்கத்தா துறைமுகத்தில் வழங்கப்பட்ட குடிபெயர்வுச் சீட்டே முதல் தடயம். தந்தை பெயர், வயது, சாதி, கிராமம், மாவட்டம் எனப் பல விவரங்கள் அதில் உண்டு. ஆனால், எழுத்தர் தம் காதில் விழுந்தவாறு எழுதிய ஊர்ப்பெயரை இன்றைய வரைபடத்தில் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு.

டிரினிடாட்டில் ஆறாம் தலைமுறை வம்சாவளியினருக்கும் ஓசிஐ அட்டை வழங்கப்படும் எனப் பிரதமர் மோடி 2025 ஜூலையில் அறிவித்தார். உரிமை நீண்டிருக்கிறது, அதை மெய்ப்பிக்க வேண்டியதோ நூறாண்டு கடந்த காகிதம். அக்காகிதம் செல்லரிக்குமுன் அதைக் காப்பதும் அரசின் கடமையே.