'விஷ்ணுபுரம்' நாவலின் நிறையும் குறையும்: தொன்மமாக்கத்தை முன்வைத்து

முன்னுரை

தமிழில் மிகுபுனைவுத் தன்மை கொண்ட நெடுநாவல்கள் மிகச் சிலவே. அவற்றுள் 1997ஆம் ஆண்டு வெளிவந்த ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' தனித்து நோக்கத்தக்கது. சோனா ஆற்றங்கரையில் அமைந்த கற்பனைக் கோயில் நகரம் இதன் களமாகும். இந்நாவலின் நிறை, குறை இரண்டும் தனிமனிதரைவிட நகரத்தையே முதன்மைப்படுத்தும் அதன் அமைப்பிலிருந்து பிறக்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

நிறைகள்

ஸ்ரீபாதம், கௌஸ்துபம், மணிமுடி என நாவல் மூன்று பகுதிகளால் ஆனது. இப்பெயர்கள் பள்ளிகொண்ட திருமாலின் அடி, மார்பு, முடி ஆகியவற்றை நினைவூட்டுகின்றன. எனவே, நூலை வாசிப்பது பெருஞ்சிலையைப் பாதாதிகேசமாகக் காண்பதற்கு ஒப்பாகிறது. டோல்கீன் 1954–55இல் வெளியிட்ட 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' தனக்கென மொழிகளையும் வரைபடங்களையும் படைத்துக்கொண்டது. விஷ்ணுபுரமோ ஆகமம், சிற்பம், காவியம், தரிசனம் என இம்மண்ணில் முன்பே நிலவிய அறிவு மரபுகளைக் கொண்டு தன் உலகை எழுப்புகிறது.

பகுதிகள் காலவரிசையில் அமையவில்லை. இரண்டாம் பகுதி முதற்பகுதிக்கு முற்பட்ட காலத்தையும், மூன்றாம் பகுதி நகரத்தின் அழிவையும் கூறுகின்றன. முதற்பகுதியில் காதல் மயக்கத்தால் நிலைபிறழும் திருவடி, பின்னாளில் ஆழ்வாராக வணங்கப்படுகிறான். மனித வாழ்வு தொன்மமாகத் திரியும் முறையை வாசகர் தாமே கண்டறிய இவ்வடைவு மாற்றம் வழிசெய்கிறது. இதுவே நாவலின் தலையாய நிறை எனலாம்.

குறைகள்

நகரமே நாயகமாக அமைவதால் மாந்தர் பலர் கருத்துகளின் உருவங்களாகச் சுருங்குகின்றனர். கௌஸ்துபப் பகுதியின் ஞானசபை விவாதங்களில் இது வெளிப்படை. அஜிதன், பவதத்தர் போன்ற ஓரிருவரைத் தவிர, வாதிடுவோரைப் பிரித்தறிய அவர்தம் தரிசனப் பெயரே துணையாகிறது. சாங்கியம், நியாயம், பௌத்தம் பற்றிய முன்னறிவு இல்லாத வாசகருக்கு இப்பகுதி தடையாகிறது.

மற்றொரு குறை அறம் சார்ந்தது. திருமாலாக வணங்கப்படும் சிலை, உண்மையில் பழங்குடியினரின் பெருமூப்பன் என நாவல் உணர்த்துகிறது. ஒரு மக்களின் தெய்வம் பெருஞ்சமயத்தால் உள்வாங்கப்பட்ட வரலாற்றை இவ்வாறு துணிந்து காட்டும் படைப்பு, அம்மக்களின் நினைவுக்குச் சபை விவாதங்களுக்கு இணையான இடம் தரவில்லை. உரிமை இழந்தோரைவிட அவ்வுரிமையைக் கொண்டோரின் சொற்களே நூலில் மிகுதியாக ஒலிக்கின்றன.

முடிவுரை

தொன்மம் உருவாகும் வழியை நுட்பமாகக் காட்டுவதால் 'விஷ்ணுபுரம்' சிறப்புறுகிறது. தொன்மத்துக்கு அடியில் புதைந்தோரின் குரலை முழுமையாக மீட்காமையால் குறைபடுகிறது. ஆகவே, இத்தகைய நெடுநாவல்களை மதிப்பிடுவோர், படைக்கப்பட்ட உலகின் விரிவோடு அவ்வுலகில் பேசும் வாய்ப்பு யாருக்குக் கிட்டுகிறது என்பதையும் அளவுகோலாகக் கொள்ளுதல் வேண்டும்.