விலங்கு ஒடிந்த பின்னும்

சட்டம் ஒரு மனிதனின் விலங்கை ஒடித்துவிடலாம். அவன்மீது சமுதாயம் கொண்ட ஐயத்தையும் அது போக்கிவிடுமா? யோன் போர்ட் நெறிப்படுத்தி 1960இல் வெளிவந்த ‘சார்ஜன்ற் றட்லெஜ்’ என்னும் திரைப்படம் இவ்வினாவையே எழுப்புகின்றது.

ஐக்கிய அமெரிக்காவில் அடிமைமுறை 1865இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தினால் ஒழிந்தது. மறு ஆண்டில் கறுப்பின வீரர்களைக் கொண்ட 9ஆம் குதிரைப்படை அமைக்கப்பட்டது. முன்னாள் அடிமையான றட்லெஜ் அப்படையைச் சேர்ந்தவன். 1881இல் நிகழும் கதையில், வெள்ளையினப் பெண்ணொருத்தியை மானபங்கப்படுத்திக் கொன்று, அவள் தந்தையையும் கொன்றான் என்னும் பழி அவன்மேல் விழுகின்றது. சான்றுகளை ஆராயுமுன்னரே அவன் நிறம் அவனைக் குற்றவாளியாக்கி விடுகின்றது. தப்பியோடியவன், அப்பாச்சியரின் தாக்குதலிலிருந்து தோழரைக் காக்கவேண்டித் திரும்பி வருகின்றான். இராணுவ நீதிமன்றத்தில் ஈற்றில் உண்மை வெளிப்படுகின்றது.

ஆயினும் நாம் இரண்டு முரண்களை நோக்குதல் வேண்டும். தளை நீங்கிய றட்லெஜ், தம் மண்ணை இழந்துகொண்டிருந்த அப்பாச்சியரை அடக்கவே படைக்கலம் ஏந்துகின்றான். படம் இதனை ஆராயவில்லை. றட்லெஜாக நடித்த வூடி ஸ்ட்ரோட் கதையின் உயிராக விளங்கியும், நடிகர் பெயர் வரிசையில் முதலிடம் பெற்றவர், அவனுக்காக வாதாடும் வெள்ளை அதிகாரியாக நடித்த ஜெப்ரி ஹன்ரரே. நிறவேற்றுமையைக் கண்டிக்க எடுத்த படமும் அதன் நிழலினின்று முற்றாக விடுபடவில்லை. நம் மாணவர் இப்படத்தைக் காணும்போது திரைக்குள்ளே நிகழும் விசாரணையோடு இதனையும் சேர்த்து எண்ணிப் பார்ப்பாராக.