புளிக்குப் புளிப்பு

சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு ஆறு பேர். அண்ணன் மகளும் அவள் கணவரும், அவளுடைய அலுவலகத் தோழிகள் இருவரும் அவர்கள் கணவன்மாரும். தோழிகள் பிரெஞ்சுக்காரர்கள். சமையல் நம்முடையது என்று அவளே சொல்லிவிட்டாள்: முதலில் உளுந்து வடை, பிறகு வஞ்சிர மீன் குழம்பு, ஆட்டுக்கறி மிளகு வறுவல், கடைசியில் சேமியா பாயசம். பாரிஸ் லா ஷாப்பெல் கடைகளில் புளியும் சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் வாங்கியாயிற்று. ஒயின் மட்டும் வாங்கவில்லை. வியாழன் மாலை சார்செலில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவள், "மீனுக்கு வெள்ளை, கறிக்குச் சிவப்பு. அவ்வளவுதானே அத்தை?" என்றாள்.

அவ்வளவுதான் என்று சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. டீ போட்டேன். தூளை வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் ஊறவிட்டு, பாலும் சர்க்கரையும் சேர்க்காமல் அப்படியே அவள் கையில் கொடுத்தேன். ஒரு வாய் குடித்ததும் முகத்தைச் சுளித்தாள். "நாக்கை இழுத்துப் பிடிக்குது அத்தை."

அந்தப் பிடிப்புதான் துவர்ப்பு. வாழைப்பூவிலும் பாக்கிலும் நாம் அறிந்தது. சுவை ஆறு என்று எண்ணிய நம் முன்னோர் அதற்கும் ஓர் இடம் கொடுத்தார்கள். ஒயின் பேசுகிறவர்கள் டேனின் என்று சொல்வது இந்தத் துவர்ப்பைத் தரும் பொருளைத்தான். திராட்சையின் தோலிலும் விதையிலும் காம்பிலும் அது இருக்கிறது. சிவப்பு ஒயினைத் தோலோடு சேர்த்தே நொதிக்கவிடுவதால் டேனின் சாற்றில் இறங்குகிறது. வெள்ளை ஒயினுக்கு முதலிலேயே சாற்றைப் பிழிந்து தோலை ஒதுக்கிவிடுகிறார்கள். அதனால் துவர்ப்பு மிகக் குறைவு. டேனின் நம் எச்சிலில் இருக்கும் புரதங்களைப் பற்றிக்கொள்ளும்போது வாயின் வழவழப்புப் போய், உள்ளே காய்ந்த மாதிரி ஆகிறது.

அதே கோப்பையில் கொஞ்சம் பால் ஊற்றிக் கொடுத்தேன். துவர்ப்பு அடங்கிவிட்டது. எச்சிலைப் பற்றவேண்டிய டேனினைப் பாலின் புரதம் பற்றிக்கொண்டது. துவர்ப்பு மிகுந்த போர்தோ சிவப்பு ஒயினை மாட்டிறைச்சியோடு குடிப்பதில் நடப்பதும் இதே வேலைதான். இறைச்சியின் புரதமும் கொழுப்பும் அங்கே பாலின் இடத்தில் நிற்கின்றன.

மீனோடு சிவப்பு ஏன் ஒத்துப்போவதில்லை என்பதற்கு ஜப்பானில் மெர்சியன் என்ற ஒயின் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2009-ல் ஒரு விடை கண்டார்கள். உலர்ந்த சிப்பிக் கறியோடு பல ஒயின்களைச் சுவைத்துப் பார்த்ததில், ஒயினில் இரும்புச் சத்து கூடக்கூட வாயில் மீன் கவிச்சி ஏறியது. இரும்பு அதிகமுள்ள ஒயின்களில் சிவப்பே மிகுதி. ஆகவே "மீனுக்கு வெள்ளை" என்பது வெறும் சம்பிரதாயம் இல்லை. ஆனால் அந்த விதி பிறந்த ஊரில் மீன் என்றால் வெண்ணெயில் வாட்டி, உப்புப் போட்டு, எலுமிச்சை பிழிந்தது. தட்டில் மீன்தான் பேசும். நம் குழம்பில் பேசுவது புளியும் மிளகாயும். வஞ்சிரத்தை எடுத்துவிட்டுக் கத்தரிக்காய் போட்டாலும் ஒயின் மாறாது. எனவே நம் சமையலுக்கு ஒயின் தேடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது சட்டியில் கரைந்திருப்பதை. மிதப்பது எதுவானாலும் அது இரண்டாம் பட்சம்.

புளியிலிருந்து தொடங்கினேன். புளியின் புளிப்பில் பெரும்பங்கு டார்ட்டாரிக் அமிலம். திராட்சைக்கும், அதிலிருந்து வரும் ஒயினுக்கும் முதன்மையான அமிலம் அதே டார்ட்டாரிக்தான். வெள்ளை ஒயினை நாள்பட வைத்திருந்தால் பாட்டிலின் அடியிலோ தக்கையிலோ கண்ணாடித் தூள் போலச் சிறு படிகங்கள் சேரும். அது கெட்டுப்போன அடையாளம் இல்லை, இந்த அமிலத்தின் உப்பு. இதே பாரிஸில் 1848-ல் லூயி பாஸ்தர் டார்ட்டாரிக் குடும்பத்து உப்பொன்றின் படிகங்களை உருப்பெருக்கியின் கீழ் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, இடக்கை வலக்கை போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரண்டு வகை இருப்பதைக் காட்டினார். புளி கரைக்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும்.

மாங்காய் தின்ற வாயில் மோர் ஊற்றினால் மோரின் புளிப்பே தெரியாது. குழம்பு சாப்பிட்ட வாயில் ஒயினுக்கும் அதே கதி. புளிப்புக் குறைந்த ஒயினாக இருந்தால் உயிரில்லாத தண்ணீர் போலப் போய்விடும். குழம்பின் புளிக்கு ஈடாகவாவது ஒயினில் புளிப்பு வேண்டும். குளிர்ந்த வடக்குப் பகுதிகளில் விளையும் திராட்சையில்தான் அந்தப் புளிப்பு நிற்கும். சூடான ஊர்களில் பழம் பழுக்கப் பழுக்க அமிலம் இறங்கிச் சர்க்கரை ஏறிவிடுகிறது.

அடுத்தது காரம். பலரும் தவறுகிற இடம் இது என்பதால் கொஞ்சம் நிதானமாகவே சொன்னேன். மிளகாயின் எரிச்சல் நாக்கின் சுவை மொட்டுகளில் தோன்றுவதில்லை. சூட்டை உணரும் நரம்புகளில் ஒரு வாயில் இருக்கிறது. சுமார் 42 டிகிரி சூடு பட்டால் திறந்து, "சுடுகிறது" என்று மூளைக்குச் சேதி அனுப்பும். மிளகாயின் காப்சைசின் அந்த வாயிலைச் சூடில்லாமலே திறந்துவிடுகிறது. இதை 1997-ல் டேவிட் ஜூலியஸ் குழுவினர் கண்டறிந்தார்கள். அவருக்கு 2021-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஒயினுக்கு வேண்டிய சேதி 2002-ல் வந்தது: ஆல்கஹால் பட்டால் அதே வாயில் சுமார் 34 டிகிரியிலேயே திறக்கிறது. நம் உடம்பின் சூடே 37. ஆக, காரக் குழம்போடு 14.5 சதவீத ஆல்கஹால் உள்ள ஒயினைக் குடித்தால் காரம் அடங்காது, மேலே ஏறும். துவர்ப்பும் எரிகிற வாயை இன்னும் முரட்டுத்தனமாகப் பிடிக்கும். இனிப்பு மட்டும் கொஞ்சம் ஆற்றும்.

"அப்போ புளிப்பு நிறைய, இனிப்புக் கொஞ்சம், ஆல்கஹால் கம்மி, துவர்ப்பே வேண்டாம். இதெல்லாம் ஒரே பாட்டில்ல கிடைக்குமா அத்தை?"

கிடைக்கும். ஜெர்மனியில் மோசல் ஆற்றின் செங்குத்தான சரிவுகளில் விளையும் ரீஸ்லிங் திராட்சையில், இனிப்பைக் கொஞ்சம் மிச்சம் வைத்துச் செய்யும் காபினெட் வகை. ஆல்கஹால் பெரும்பாலும் எட்டு, ஒன்பது சதவீதம். மீன் குழம்புக்கு இதைவிடப் பொருத்தமான ஒயினை நான் இதுவரை குடித்ததில்லை. பக்கத்துக் கடையில் ஜெர்மன் ஒயின் இல்லையென்றால் லுவார் பகுதியின் வூவ்ரே. அட்டையில் 'தெமி-செக்' என்று இருக்க வேண்டும். வெறும் 'செக்' என்றால் இனிப்பே இருக்காது.

வடைக்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. எண்ணெயும் உப்பும் மொறுமொறுப்பும் உள்ள எதற்கும் நுரைக்கும் ஒயின் நன்றாக இருக்கும். ஷாம்பெய்ன் போலவே பாட்டிலுக்குள் இரண்டாம் முறை நொதிக்கவைத்துச் செய்யும் க்ரேமான் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கிறது. அது போதும்.

மிளகு வறுவலுக்குச் சிவப்பு என்று அவள் சொன்னது சரி. ஆனால் எந்தச் சிவப்பு? மிளகின் வாசனைக்குக் காரணமான ரோட்டண்டோன் என்ற பொருள் சிரா திராட்சையிலும் இருப்பதை ஆஸ்திரேலிய ஒயின் ஆய்வாளர்கள் 2008-ல் வெளியிட்டார்கள். ரோன் ஆற்றின் வடபகுதியில், குரோஸ்-எர்மித்தாழ் போன்ற இடங்களில் விளையும் சிராவை முகர்ந்தால் அப்போதுதான் இடித்த மிளகின் வாசம் வரும். கறியின் கொழுப்பு அதன் துவர்ப்பை ஏற்றுக்கொள்ளும். வறுவலில் மிளகாய்த்தூள் மட்டும் வேண்டாம் என்று சொன்னேன். மனம் கேட்காமல் போட்டால், துவர்ப்புக் குறைந்த பொழொலே வாங்கிக் கொஞ்சம் குளிரவைத்துக் கொடுக்கட்டும்.

இங்கே பிறந்தநாள் கேக்கோடு இனிப்பில்லாத ஷாம்பெய்ன் ஊற்றுவது வழக்கம். எனக்கு உடன்பாடே இல்லை. ஜிலேபி தின்றுவிட்டு டீ குடித்தால் சர்க்கரையே போடாத மாதிரி இருக்கும் அல்லவா? நல்ல ஷாம்பெய்னுக்கு நேர்வதும் அதுதான். இனிப்போடு குடிப்பது இனிப்பைவிட இனிப்பாக இருக்க வேண்டும். பாயசத்துக்கு மஸ்கா த பூம் த வெனீஸ்: லிட்டருக்கு 100 கிராமும் அதற்கு மேலும் சர்க்கரை உள்ள ஒயின். அதைச் செய்யும் சிறுமணி மஸ்கட் திராட்சை கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்குப் பாட்டி முறை. முகர்ந்தால் அந்த உறவு தெரியும். அரை பாட்டில் போதும், சின்னக் கோப்பையில்.

"எல்லாம் எத்தனை பாட்டில்?" 750 மில்லி பாட்டிலில் 125 மில்லியாக ஆறு கோப்பை வரும், வகைக்கு ஒன்று சரியாக இருக்கும். சிவப்பை 'அறைச் சூட்டில்' கொடு என்பது கணப்பு இல்லாத பழைய வீடுகளுக்குச் சொன்னது. இந்தக் காலத்து வீட்டில் அதையும் இருபது நிமிடம் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும்.

பிறகு தயங்கிச் சொன்னாள்: ஒரு தோழியின் கணவர் குடிக்க மாட்டார், இன்னொருவர் கார் ஓட்டிப் போகிறார். அவர்களுக்கு மோர். இஞ்சி, கறிவேப்பிலை தட்டிப் போட்டு, ஒயினுக்கு எடுக்கும் அதே காலுள்ள கண்ணாடிக் கோப்பையில். காப்சைசின் தண்ணீரில் கரையாது. பால் புரதம்தான் அதைக் கழுவிக்கொண்டு போகும். அந்த மேசையில் மீன் குழம்பின் காரத்துக்கு மிகச் சரியான துணை கிடைக்கப்போவது அவர்கள் இருவருக்கும்தான்.

மீன் குழம்பை வெள்ளிக்கிழமை இரவே வைத்துவிடு, மறுநாள்தான் ருசி கூடும் என்றேன். அப்படியே ஒரு கரண்டி தனியாக எடுத்து வைக்கச் சொன்னேன். காபினெட் நான் வாங்கி வருகிறேன். இரண்டு பேரும் ஒரு வாய் குழம்பு, ஒரு வாய் ஒயின் என்று குடித்துப் பார்த்துவிட்டு, புளி பத்தவில்லை என்றால் அப்போதே கரைத்து ஊற்றலாம்.