சாக மறுக்கும் அணுக்கள்!

வயிற்றுப் புற்று நோய் பற்றி சிதம்பரத்தில் நடந்த ஆராய்ச்சி

மனிதனின் உடம்பில் தினமும் பல ஆயிரம் கோடி அணுக்கள் சாகின்றன. அவை சாவதால்தான் மனிதன் வாழ்கிறான்!

பழுத்த இலை உதிர்ந்தால்தான் மரம் தளிர்க்கும். வயிற்றின் உள்தோலும் அப்படித்தான். பழைய அணு செத்து விழும். சில நாட்களில் புதிய அணு அந்த இடத்துக்கு வந்துவிடும்.

கத்தரியும் காவலாளியும்

அணு கெட்டுப்போனால் அது சாக வேண்டும். அதற்காக ஒவ்வொரு அணுவுக்குள்ளும் கத்தரி போன்ற புரதங்கள் இருக்கின்றன. அவற்றின் பெயர் "காஸ்பேஸ்".

நல்ல அணுவைக் கத்தரி வெட்டிவிடக் கூடாது அல்லவா? அதைத் தடுக்க ஒரு காவலாளி உண்டு. அதுவும் ஒரு புரதம்தான். பெயர் "பி.சி.எல்.2". அது அணுவின் சாவைத் தடுக்கிறது என்பதை, 1988-ம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகர விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள்.

காவலாளி அளவோடு இருந்தால் நல்லது. அளவு மீறினால் ஆபத்து! கெட்ட அணுவும் சாகாது. வரம் வாங்கிய இரணியனைப் போல ஆட்டம் போடும். ஒன்று பலவாகப் பெருகும். புற்று நோய் வளர இது ஒரு வழி.

எலிகளுக்குச் சோதனை

கடலூர் மாவட்டம் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கு உயிர் வேதியியல் ஆராய்ச்சியாளர் நாகினியும், அவருடன் வேலை செய்தவர்களும் இதை எலிகளிடம் சோதித்தார்கள். முடிவு 2005-ம் ஆண்டில் வெளிவந்தது.

எலிகளுக்கு ஒரு ரசாயனமும், கடும் உப்புத் தண்ணீரும் கொடுத்தார்கள். வயிற்றில் புற்று உண்டாயிற்று.

வேறு சில எலிகளுக்கு, அவற்றுடன் பூண்டில் உள்ள ஒரு சத்தையும், தக்காளிக்குச் சிவப்பு நிறம் தரும் சத்தையும் கொடுத்தார்கள். அந்த எலிகளுக்குப் புற்று குறைந்தது. காவலாளிப் புரதம் குறைந்தது. கத்தரிப் புரதம் கூடியது! இரண்டு சத்தையும் சேர்த்துக் கொடுத்தபோது பலன் அதிகமாக இருந்தது.

ஆனால் எலிக்குப் பலித்தது எல்லாம் மனிதனுக்கும் பலித்துவிடாது. பூண்டு ரசம் நல்ல உணவு. புற்று நோய்க்கு மருந்து அல்ல.

உப்பு ஜாக்கிரதை!

எலிகளுக்கு உப்பு கொடுத்தது ஏன்? அளவு மீறிய உப்பு, வயிற்றின் உள்தோலைப் புண்ணாக்கும்.

கடலூர் கடற்கரையில் மீனுக்கு உப்புப் போட்டுக் கருவாடு காய வைக்கிறார்கள். கருவாட்டுக் குழம்பு ருசிதான். என்றைக்காவது சாப்பிடலாம். தினமும் கருவாடு, ஊறுகாய், அப்பளம் என்று உப்பை ஏற்றக் கூடாது. புகை பிடிப்பதும் வயிற்றுப் புற்றுக்கு ஒரு காரணம்.

பசி எடுக்கவில்லையா? உடம்பு இளைக்கிறதா? மலம் தார் போலக் கறுப்பாகப் போகிறதா? சோடா குடித்து நாளைக் கடத்தாதீர்கள். உடனே டாக்டரிடம் காட்டுங்கள். வாய் வழியாகச் சிறு குழாயை விட்டு, வயிற்றுக்குள் பார்த்துவிடலாம்.

ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால், ஆபரேஷன் செய்து உயிரைக் காப்பாற்ற முடியும்!